பொட்டு வச்ச பாட்டில்

சன்னலோரம் நீயே உக்காந்துக்கோம்மா. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. ஆலங்குளம் வந்தா மட்டும் ஒரு சத்தம் குடு, என்ன? பஸ்ஸுல ஏறினாலே எனக்குக் கண்ணு சொக்கிரும். எறங்கணும். இன்னைக்குக் கண்டிப்பா எறங்கணும்.

மடியில என்ன, ரெக்கார்டு நோட்டா? நீலக் கலருக்கு நடுவுல சிவப்புப் பென்சில்ல குச்சி குச்சியா வரைஞ்சிருக்கியே, டி.பி. கிருமிதானே அது? என்ன முழிக்க? கையில பையைப் பாத்ததும் சந்தைக்குப் போறவள்னு நினைச்சிட்டியாக்கும். முப்பத்தோரு வருசம் லேப்புல அட்டெண்டரா இருந்துட்டுப் போன மாசம்தான் வெளிய வந்தேன். எந்த லேப்புன்னு மட்டும் கேக்காத. பென்ஷன் ஆர்டர் இன்னும் கைக்கு வரல.

மைக்ரோபயாலஜிதானா படிக்க? படி. நல்லாப் படி. பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்த படிப்பு. வெயில்ல நிக்க வேண்டாம், பொறுமை இருந்தாப் போதும். ஆனா ஒண்ணு, வாய் வேணும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாவ? எங்க மேடத்துக்கு எல்லாம் இருந்துச்சு, வாய் மட்டும் இல்ல. அதுலதான் போச்சு.

மேடம் பேரு முப்பிடாதி. சிரிக்காத. டாக்டர் முப்பிடாதி. ஊசி போடுத டாக்டர் இல்ல, படிச்சு வாங்கின டாக்டர். நாங்கூட மொத நாளு சிரிச்சேன். லேப்புல எல்லாரும் மாலதி, சுஜாதான்னு இருக்க எடத்துல, எங்க ஊரு ஓடைக்கரைச் சாமி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு வந்து நின்னா சிரிப்பு வராதா? அவிய கோவிக்கல. "எங்கம்மா பீடி சுத்துற கையால வச்ச பேருக்கா, மாத்த மனசு வரல"ன்னாவ.

அந்த அம்மா நெஞ்சு சீக்குலதான் போனது. பீடித் தூளு, இருமல், மருந்து சாப்பிட்டும் கேக்கல. எந்த மருந்து கேக்கும், எது கேக்காதுன்னு பாத்துச் சொல்ல அப்பம் ஆளு இல்ல. அதனாலதான் மேடம் இந்தப் படிப்புக்கே வந்தாவ. பீடி சுத்துற பொம்பளைகளை மட்டும் பாக்கணும்னு மூணு வருசம் எழுதி எழுதி ஒரு திட்டம் வாங்கினாவ. எங்க சீஃப் இருக்காவல்லா, அவிய சொன்னாவ, "பொம்பளைக்குன்னு தனியா டி.பி. இருக்கா மேடம்?"னு. எல்லாரும் சிரிச்சாவ. மேடமும் சிரிச்சாவ. அப்படித்தான் அவிய.

ஆவணி மாசம் பூரா ஊரு ஊராப் போனோம். நானும் கூடப் போனேன், டப்பா தூக்க. பொம்பளைக சளி குடுக்க மாட்டாவம்மா. எச்சியத் துப்பிட்டு இந்தான்னு நீட்டுவாவ. காறித் துப்பினா மாமியா ஏசுவா, புருசன் மொறைப்பான். மேடம் என்ன செய்வாவ தெரியுமா? அந்தப் பிள்ளையளை வீட்டுக்குப் பின்னால வேலி ஓரமாக் கூட்டிட்டுப் போயி, தானும் கூட நின்னு காறுவாவ. நெஞ்சுலேருந்து காறணும்னு காட்டிக் குடுப்பாவ. பி.எச்.டி. படிச்ச பொம்பளை முள்ளு வேலிக்கிட்ட நின்னு காறுறதைப் பாத்திருக்கியா நீ? நான் பாத்திருக்கேன். மருந்து சாப்பிட்டும் கேக்காத நூத்திப்பதினாலு பேருகிட்ட வாங்கினோம். அதுல அறுவத்தியோராவது என் தங்கச்சி சேர்மக்கனி. அவளும் பீடிதான். அஞ்சு மாசமா மருந்து சாப்பிட்டும் எலும்பும் தோலுமா கெடந்தா.

அந்தக் கிருமி வளருறதுக்குக் கோழிமுட்டையில ஒரு தீனி செய்வாவ. பச்சையா இருக்கும். முட்டை உடைக்கிறது என் வேலை. எங்க வீட்டுல முட்டை வாசமே ஆவாது, லேப்புல நான் உடைச்ச முட்டையக் கொட்டி வச்சா ஒரு குளம் நெறையும். முட்டைய மொதல்ல ஸ்பிரிட்டுப் போட்டுத் தொடைக்கணும், பெறகுதான் உடைக்கணும். மேடம்தான் பழக்கினாவ. "ஆவுடையக்கா, ஸ்பிரிட்டு படாத எடத்துல அழுக்கு இருக்குன்னே வச்சுக்கிடுங்க"ன்னு சொல்லுவாவ. அதுலேருந்து நான் எதையும் ஸ்பிரிட்டு இல்லாமத் தொடைச்சதில்ல. வீட்டுல விளக்கக்கூட.

அந்தத் தீனி மேல சளிய விட்டு, ஆளுக்கு ரெண்டு குட்டிப் பாட்டில். சூட்டுப் பெட்டிக்குள்ள ரேக்குல அடுக்கி வைக்கணும். நாலு வாரம், எட்டு வாரம் ஆவும். மத்த கிருமி எல்லாம் ராத்திரி வச்சா காலையில வந்துரும், இது மட்டும் பிள்ளைத்தாச்சி மாதிரி நாளு எடுக்கும். வந்துச்சுன்னா உப்புமா உதிர்ந்து கெடக்க மாதிரி இருக்கும். மேடம் தெனமும் ரெண்டு தடவை வந்து பாப்பாவ. லீவு நாளுலயும் வருவாவ. பாட்டில்ல லேபிள் ஒட்டினா அந்தச் சூட்டுல உரிஞ்சி விழுந்துருதுன்னு, கண்ணாடியில எழுதுற பேனாவால நம்பர் போட்டு வச்சிருந்தாவ. நம்பருக்கு எதுத்தாப்புல பேரு, ரிஜிஸ்டர்ல.

புரட்டாசிக் கடைசியில எல்லாப் பாட்டில்லயும் உப்புமா வந்துட்டு. அடுத்த வாரம் அதுலேருந்து எடுத்து எந்த மருந்துக்குச் சாவுது, எதுக்குச் சாவலன்னு பாக்கணும். அதை வச்சுத்தான் அந்த நூத்திப்பதினாலு பேருக்கும் மருந்து மாத்துறது. மார்கழியில மேடத்துக்கு இண்டர்வியூ வேற. அதுவரைக்கும் அவிய தற்காலிகம்தான், என்னைய மாதிரி. அந்த ரிசல்ட்டு கையில இருந்தா வேலை நிச்சயம்.

அந்த நேரத்துலதான் ஆயுத பூசை வந்துச்சு.

உங்க காலேஜுல எப்படியோ, எங்க லேப்புல ஆயுத பூசைன்னா கல்யாண வீடு மாதிரி. வெள்ளிக்கிழமை லீவுன்னா வியாழக்கிழமையே பூசை போட்டுருவோம். மைக்ராஸ்கோப்பு, ஆட்டோகிளேவு, ஃப்ரிட்ஜு, வாசல்ல நிக்க ஜீப்பு, எல்லாத்தையும் தொடைச்சுச் சந்தனம் வச்சுக் குங்குமம் வைக்கணும். அது பூராவும் என் பொறுப்பு. ஒரு வருசம்கூட ஒரு குறை சொல்ல விட்டதில்ல.

அன்னைக்குக் காலையில மேடம் என்னட்ட வந்து மெதுவா, "அக்கா, பழைய துணி ஏதாவது இருக்குமா, நாள் முந்திட்டு"ன்னாவ. குடுத்தேன். குடுத்துட்டு, "அப்பம் நீங்க வீட்டுக்குப் போங்கம்மா, இன்னைக்குப் பூசைலா"ன்னேன். நான் தப்பாச் சொல்லல. அக்கா தங்கச்சிக்குச் சொல்லுத மாதிரிதான் சொன்னேன். அவிய சிரிச்சுக்கிட்டே, "கிருமிக்குத் தீட்டு தெரியாதுக்கா. பாட்டிலைப் பாத்துட்டு ஓரமா இருந்துக்கிடுதேன்"னாவ. நான் விடுவேனா? வாசல்ல ரெண்டு கையையும் வச்சு மறிச்சேன். என்ன சத்தம்னு சீஃப் எட்டிப் பாத்தாவ. நான் வாயத் திறக்கல, ஆனா அவிய புரிஞ்சுக்கிட்டாவ. "ஆவுடை சொன்னாக் கேட்டுக்கிடுங்க மேடம். ஐதீகம்னு ஒண்ணு இருக்குல்லா? திங்கக்கிழமை தலைக்கு ஊத்திட்டு வாங்க"ன்னாவ. அங்கன நின்ன ஆம்பளைங்க எல்லாம் செவத்தப் பாத்தாங்க.

மேடம் மொகம் செவந்து போச்சு. பையை எடுத்தாவ. போகும்போது என்னட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாவ. "அக்கா, ரேக்கை மட்டும் அசைக்காதீங்க."

நான் ரேக்கை அசைக்கல. இன்னைக்கும் எந்தக் கோயில்லயும் சத்தியம் பண்ணுவேன், ரேக்கு இருந்த எடத்துலதான் இருந்துச்சு. பாட்டிலைத்தான் எடுத்தேன்.

யோசிச்சுப் பாரும்மா. டிரைவருக்கு ஜீப்புக்குப் பொட்டு வச்சாச்சு. சீஃப்புக்கு மைக்ராஸ்கோப்புக்கு மாலையே போட்டாச்சு. மேடத்தை நான்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கேன், அவிய ஆயுதத்தை நான் அப்படியே விட்டுரலாமா? அவியளுக்கு ஆயுதம் அந்தப் பாட்டில்தானே? அவிய இல்லாத குறை தெரியக்கூடாதுன்னுதான் செஞ்சேன். இருநூத்தி இருவத்தெட்டுப் பாட்டில். ஒவ்வொண்ணா எடுத்து, ஸ்பிரிட்டு போட்டு பளபளன்னு தொடைச்சு, மேசையில பேப்பர் விரிச்சு வரிசையா வச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, கும்பிட்டு, திரும்ப ரேக்குல வச்சேன். நல்லா வளந்ததை முன்னாலயும் கொஞ்சமா வளந்ததைப் பின்னாலயும் வச்சேன், பாக்க லெச்சணமா இருக்கட்டும்னு. மத்தியானச் சோறுகூடத் திங்கல நான். எங்கையில எம்புட்டு எரிச்சல் தெரியுமா அந்த ஸ்பிரிட்டு.

என் தங்கச்சி பாட்டிலுக்கு மட்டும் ரெண்டு பொட்டு வச்சேன். தொடைக்கதுக்கு முந்தி நம்பர் பாத்தேன், அறுவத்தொண்ணு. அதை மட்டும் நெஞ்சுல வச்சுக் கும்பிட்டேன். அவளைப் பிழைக்க வச்சிரு தாயேன்னு.

திங்கக்கிழமை மேடம் தலைக்கு ஊத்திட்டு, ஈரம் காயாம வந்தாவ. பெட்டியத் திறந்தாவ. நான் பக்கத்துல நின்னேன், நல்லா இருக்குக்கான்னு சொல்லுவாவன்னு. ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாவ. இன்னொண்ணை எடுத்தாவ. இன்னொண்ணு. அப்புறம் வெறுந்தரையில உக்காந்துட்டாவ.

"அக்கா, ஸ்பிரிட்டா போட்டீங்க?"

"ஆமாம்மா. தண்ணி படவே இல்ல."

நான் நினைச்சேன், சுத்தத்தைத்தான் கேக்காவன்னு. பாத்துக்கோ, அந்த வினாடி வரைக்கும் எனக்கு உறைக்கல. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, "எல்லாம் உயிரோடதான் இருக்கு ஆவுடையக்கா. யாரு எதுன்னுதான் தெரியல"ன்னாவ. அப்பந்தான் நானும் ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பாத்தேன். எல்லாப் பாட்டில்லயும் பொட்டுதான் இருந்துச்சு. ஒண்ணுலகூட நம்பர் இல்ல.

நான் அழுதுகிட்டே, "என் தங்கச்சிது மட்டும் தெரியும்மா, ரெண்டு பொட்டு வச்சது"ன்னேன். அவிய சிரிச்சாவ. அழுறதுக்கு முந்தி ஒரு தடவை சிரிச்சாவ. அப்புறம் கண்ணைத் தொடைச்சிட்டு எந்திரிச்சு, அந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்துத் தனியா வச்சாவ. "இது ஒண்ணையாவது பாப்போம்க்கா. திரும்பச் சளி வாங்கி வளத்தா மூணு மாசம் ஆயிரும். உங்க தங்கச்சிக்கு அவ்வளவு நாளு கெடையாது"ன்னாவ. ஒரு ஏச்சு இல்ல. ஒரு சுடுசொல்லு இல்ல. ஏசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். அதுதான் எனக்கு அவிய மேல இன்னைக்கு வரைக்கும் வருத்தம்.

அதுக்கப்புறம் அவிய தனியாவே ஊரு ஊராப் போனாவ, திரும்பச் சளி வாங்க. பாதிப் பொம்பளைக குடுக்கல. "அன்னைக்கே தந்தோமே, அதை என்ன செஞ்சிய?"ன்னு கேட்டிருக்காவ. கொஞ்சப் பேரு கேரளாவுக்குப் பொழைக்கப் போயிட்டாவ. அந்தத் தையிக்குள்ள பதினொரு பேரு இல்லாமப் போயிட்டாவன்னு பின்னால கேள்விப்பட்டேன். அது சீக்கும்மா. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

கார்த்திகையில ஒரு நாளு காலையில மேடம் ஒரு பேப்பரைக் கொண்டாந்து என் கையில குடுத்தாவ. சேர்மக்கனிக்கு எந்த மருந்து கேக்கும்னு எழுதியிருந்துச்சு. "இதை இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்க"ன்னாவ. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கையைப் பிடிச்சு எறக்கிவிட்டாவ.

அன்னைக்கு மத்தியானம்தான் விசாரணை.

அஞ்சு பேரு உக்காந்திருந்தாவ, சீஃப்பையும் சேத்து. அஞ்சு பேரும் ஆம்பளைங்க. இத்தனை பேரு சளி மாதிரியும் எப்படி வீணாச்சு, பொறுப்பு யாருதுன்னு கேள்வி. மேடம் ஒரு ஓரத்து நாற்காலியில இருந்தாவ. என்னைக் கூப்பிட்டாவ. பாட்டிலைத் தொடைச்சது யாருன்னு கேட்டாவ. நான்தான்னு ஒத்துக்கிட்டேன். அதுல நான் பொய் சொல்லல. "படிக்காத பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும்"னு சீஃப்பே எனக்காவச் சொன்னாவ. பெறகு ஒருத்தர் கேட்டாவ, "வேலை நாள்ல, இவ்வளவு முக்கியமான மாதிரியைப் போட்டுட்டு, மேடம் ஏன் வீட்டுக்குப் போனாங்க? யாராவது போகச் சொன்னாங்களா?"

நான் சீஃப்பைப் பாத்தேன். அவிய ஃபேனைப் பாத்துக்கிட்டு இருந்தாவ. அந்த மாசம்தான் என்னை நிரந்தரம் பண்ணுற ஆர்டர் அவிய மேசையில கெடந்துச்சு. ஒம்பது வருசமாக் காத்துக் கெடந்த ஆர்டரும்மா.

"அவியளாத்தான் போனாவ"ன்னேன்.

மேடத்துகிட்டக் கேட்டாவ, அப்படித்தானான்னு. மேடம் என்னைப் பாத்தாவ. என் இடுப்புல அந்தப் பேப்பர் இருந்துச்சு, தங்கச்சி பேப்பர், மடிச்சுச் சொருகியிருந்தேன். "ஆமா"ன்னாவ.

என்ன அப்படிப் பாக்க? நீயும் என்னைத்தான் குத்தம் சொல்லுத. அவிய சொல்லியிருக்கலாம்லா? வாசல்ல ஆவுடை மறிச்சா, சீஃப்புதான் போகச் சொன்னாவன்னு சொல்லியிருக்கலாம்லா? ஏன் சொல்லலன்னு நானும் ரொம்ப நாளு யோசிச்சேன். பெறகுதான் புரிஞ்சுது. எதுக்கு மறிச்சான்னு அடுத்த கேள்வி வரும். அஞ்சு ஆம்பளைங்க முன்னால, அத ஃபைல்ல எழுதுறதுக்கு ஒரு டைப்பிஸ்டு வேற உக்காந்திருக்கான், என்னத்தச் சொல்லுவாவ? மானமுள்ள பொம்பளை. சபையில அதைச் சொல்லுவாவளா? அந்த விசயத்துல அவியளை நான் மெச்சுவேன்.

வேலை வேற ஒரு தம்பிக்குக் கெடைச்சுது. அவரு நல்ல பையன்தான். தையில மேடம் கோட்டைக் கழட்டி மடிச்சு மேசையில வச்சிட்டுப் போயிட்டாவ. என்னட்டச் சொல்லிக்கிடல. நான் முட்டை உடைச்சுக்கிட்டு இருந்தேன், பக்கத்து ரூம்புலதான். கதவு திறந்துதான் கெடந்துச்சு. வாரேன் ஆவுடையக்கான்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்? இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. ஆயுத பூசை வந்தா எனக்குச் சோறு எறங்காது. பாட்டில் பக்கம் நான் போறதே இல்ல பெறகு. மத்ததுக்கெல்லாம் பொட்டு வைப்பேன்.

சேர்மக்கனியா? கல்லு மாதிரி இருக்கா. மருந்து மாத்தினாவ, ஒன்னரை வருசம் சாப்பிட்டா, தேறிட்டா. கல்யாணம் ஆச்சு, ஒரு மகளும் பெத்தா. அந்தப் பிள்ளைக்குத்தான் வார வியாழக்கிழமை கல்யாணம். பத்திரிகை குடுக்கத்தான் போறேன் ஆலங்குளத்துக்கு. மேடம் இப்பம் அங்கதான் இருக்காவ. தங்கச்சி ஒரே பிடி. "அந்த டாக்டரம்மா வந்து அட்சதை போடாம எம்மவ கழுத்துல தாலி ஏறக் கூடாது"ங்கா. அவளுக்கு விசாரணை விசயம் எல்லாம் தெரியாது. நான் சொல்லல. பத்திரிகை குடுத்தாச்சுன்னுதான் அவ நினைச்சுக்கிட்டு இருக்கா.

போன வாரமே ஒரு தடவை வந்தேன். எறங்கித் தேடிப் போனேன். ஒரு சின்னக் கிளினிக்கு லேப்பு. சுகர் பாக்குறது, மூத்திரம் பாக்குறது. வேலி ஓரமா நின்னு அத்தனை பிள்ளையளுக்குக் காறச் சொல்லிக் குடுத்த பொம்பளை, சுகர் பாத்துக்கிட்டு இருக்காவ. தலை பூரா நரைச்சுப் போச்சு. நான் எதுத்த டீக்கடையில நின்னு பாத்தேன். யாரோ ஒரு கிழவிகிட்ட ரத்தம் எடுத்து, பாட்டில்ல பேரை எழுதினாவ. எழுதினதுக்கு மேல டேப்பை ஒட்டினாவ. மூடியிலயும் ஒரு தடவை எழுதினாவ. எழுதி முடிச்சு, கிழவிகிட்டக் காட்டி, உங்க பேருதானேன்னு கேட்டாவ. டீ ஆறிப் போச்சு. திரும்பி வந்துட்டேன்.

நேத்தும் வந்தேன். நேத்து எறங்கல.

அம்மா, ஒரு உதவி செய்யி. இந்தக் கவர்ல பேரு எழுதிக் குடு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, நடுவுல சந்தனமும் குங்குமமும் வச்சிட்டேன், பேரு மட்டும் எழுதல. என் கையெழுத்து கோழி கெளறின மாதிரி இருக்கும். டாக்டர்னு முன்னால போடு. டாக்டர் முப்பிடாதி. பெருசா எழுது, எடம் கெடக்குல்லா. பொட்டு மேல படாம எழுது. ஆ, அவ்வளவுதான்.

இது என்ன பேனா? ஸ்பிரிட்டு பட்டா அழியுமா?

அழியாதா. சரி.

என்ன, ஆலங்குளமா? கேட்டுச்சும்மா. தூங்கல நான், முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எறங்குறவங்க எல்லாம் எறங்கட்டும். நீ எந்திரிக்காத, என் பையை எடுத்துத் தர வேண்டாம்.

கண்டக்டர் தம்பி, அடுத்தாப்புல பாவூர்சத்திரத்துக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க.